டிரஸ்ஸிங் ரூம் யார் கையில்? கால்பந்து அணிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதாவது ஒரு பெரிய அணி நான்கு ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றால் போதும், "பயிற்சியாளர் டிரஸ்ஸிங் ரூமை இழந்துவிட்டார்", அதாவது வீரர்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை, என்று வர்ணனையாளர் சொல்லிவிடுவார். உடனே கூட உட்கார்ந்து பார்க்கும் நண்பர்களிடமிருந்து அதே சந்தேகங்கள் வரும். வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். உதாரணங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்து, ஸ்பெயின் கிளப்புகளைச் சேர்ந்தவை. உள்ளே நடந்ததை அங்குள்ளவர்கள்தான் பின்னாளில் அதிகம் வெளியே பேசியிருக்கிறார்கள்.

1. டிரஸ்ஸிங் ரூம் கலாசாரம் என்றால் என்ன? தோற்ற அணியைத் திட்டுவதற்காகக் கண்டுபிடித்த சொல்தானே?

பாதி அப்படித்தான். ஜெயிக்கும்போது "அருமையான சூழல்" என்பார்கள், அதே ஆட்கள் தோற்றால் "சூழல் கெட்டுவிட்டது" என்பார்கள். ஆனால் மீதிப் பாதி நிஜம். பத்து மணிப் பயிற்சிக்கு ஒன்பதே முக்காலுக்கு வந்து நிற்பதா, பத்து ஐந்துக்கு வருவதா? தோற்றுத் திரும்பியதும் முதலில் யார் வாய் திறக்கலாம்? பதினெட்டு வயதுப் பையன் பந்தைக் கோட்டைவிட்டால் அவனிடம் என்ன பேசுவார்கள்? அறைக்குள் நடந்த சண்டை நிருபரின் காதுக்குப் போகலாமா? ஒவ்வொரு அணியிலும் இவற்றுக்கு எழுதப்படாத பதில் ஒன்று உண்டு.

சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும் வாசகங்களை நான் பொருட்படுத்துவதில்லை. யார் எதைச் செய்துவிட்டுக் கேள்வி கேட்பாரில்லாமல் போக முடிகிறது என்று பார்த்தால் போதும், அந்த அணி விளங்கிவிடும். கீழே உள்ள பதில்களில் பல இதையே சுற்றிச் சுற்றி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. அதையெல்லாம் தீர்மானிப்பவர் பயிற்சியாளர்தானே? வேறு யார் இருக்கிறார்கள்?

தொடங்கி வைப்பவர் அவர்தான். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது அந்த அணியில் குடிப்பழக்கம் சாதாரணமாக இருந்தது. அவர் பேசிப் பார்த்தார், கண்டித்தார். கடைசியில் 1989 கோடையில் பால் மெக்ராத், நார்மன் வைட்சைடு இருவரையும் விற்றார். இருவரும் ரசிகர்களின் செல்லப்பிள்ளைகள், ஆட்டத்திலும் குறை சொல்ல முடியாதவர்கள். மெக்ராத் ஆஸ்டன் வில்லாவுக்குப் போய் இன்னும் பல ஆண்டுகள் பிரமாதமாக ஆடினார் என்பதையும் சொல்ல வேண்டும். கால்பந்துக் கணக்கில் ஃபெர்குசனுக்கு அது நஷ்டம். ஆனால் அறையில் மிச்சமிருந்த இருபது பேருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

ஆக, பயிற்சியாளரின் பேச்சைவிட அவர் யாரை வைத்துக்கொள்கிறார், யாரை அனுப்புகிறார் என்பதற்கு வலிமை அதிகம். 2008-இல் பார்சிலோனாவுக்கு வந்த பெப் கார்டியோலா ரொனால்டினோ, டெக்கோ, எட்டோ மூவரும் தன் திட்டத்தில் இல்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்தார். ரொனால்டினோ மிலானுக்கும் டெக்கோ செல்சிக்கும் போனார்கள். எட்டோ தங்கிவிட்டார், ஒழுங்காகப் பயிற்சி செய்தார், ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் 2009 இறுதியாட்டத்தில் முதல் கோலையும் அடித்தார். கதவைக் காட்டிய பிறகும் ஒருவர் தன்னை நிரூபித்துக்கொள்ள இடம் கொடுத்ததும் அந்த அறைக்கு ஒரு பாடம்தான்.

3. அப்படியானால் கேப்டன் எதற்கு? நாணயம் சுண்டவும் கோப்பை தூக்கவும் மட்டுமா?

பயிற்சியாளர் ஒரு நாளில் அந்த அறைக்குள் இருக்கும் நேரம் மிகக் குறைவு. மீதி நேரமெல்லாம் வீரர்கள் தங்களுக்குள் இருக்கிறார்கள். அவர் வெளியே போனதும் மூத்த வீரர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் முக்கியம். 1997 முதல் 2005 வரை யுனைடெட் கேப்டனாக இருந்த ராய் கீன், பயிற்சியில் ஒரு பாஸ் பிசகினாலே சக வீரரைப் பிடித்துக்கொள்வார். ஃபெர்குசன் கத்த வேண்டிய பல நாட்களில் கீன் முன்பே கத்தி முடித்திருந்தார் என்பதால் அவருக்கு வேலை மிச்சம்.

எல்லாக் கேப்டன்களும் கத்த வேண்டியதில்லை. பார்சிலோனாவின் கார்லெஸ் புயோல் 2012 ஏப்ரலில் ராயோ வயேகானோவுக்கு எதிராகத் தன் அணி ஏழு கோல் அடித்த ஆட்டத்தில் செய்ததைத் தேடிப் பாருங்கள். கோல் விழுந்த மகிழ்ச்சியில் தியாகோவும் டானி ஆல்வெஸும் நடனமாட ஆரம்பிக்கிறார்கள். புயோல் ஓடி வந்து இருவரையும் பிரித்து, போதும், போய் நில்லுங்கள் என்று திருப்பி அனுப்புகிறார். தோற்றுக்கொண்டிருக்கும் எதிரணியின் முகத்துக்கு முன்னால் நடனமாடக் கூடாது, அவ்வளவுதான். பெஞ்சிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை.

கேப்டனை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். ரியல் மாட்ரிட்டில் நெடுங்காலமாக இருப்பவருக்கே கேப்டனின் கைப்பட்டை என்பது மரபு. பார்சிலோனாவில் வீரர்கள் வாக்களிப்பார்கள். இங்கிலாந்தில் பெரும்பாலும் பயிற்சியாளர் கை காட்டுபவர். எந்த முறை சிறந்தது என்று கேட்டால், பட்டை யார் கையில் இருந்தாலும் அறை யாரைத் திரும்பிப் பார்க்கிறது என்பது வேறு விஷயம் என்பேன். பல அணிகளில் அது வேறு ஆள்.

4. தாமதமாக வந்தால் அபராதம் என்கிறார்களே, வாரம் லட்சம் பவுண்டு வாங்குபவருக்கு அது உறைக்குமா?

2019-இல் பிராங்க் லாம்பார்ட் செல்சி பயிற்சியாளராக இருந்தபோது போட்ட பட்டியல் வெளியே கசிந்தது. பயிற்சி தொடங்கும் நேரத்துக்குத் தாமதமானால் 20,000 பவுண்டு. அணிக் கூட்டத்துக்குத் தாமதமானால் நிமிடத்துக்கு 500. கூட்டத்திலோ சாப்பாட்டு வேளையிலோ போன் ஒலித்தால் 1,000. பதினான்கு நாளில் கட்டாவிட்டால் இரட்டிப்பு. கீழே லாம்பார்டின் கையெழுத்து, பக்கத்திலேயே கேப்டன் அஸ்பிலிகுவெட்டாவின் கையெழுத்து.

தொகையை விட்டுவிட்டு அந்த இரண்டாவது கையெழுத்தைப் பாருங்கள். விதி வீரர்களுடையதும்தான் என்று ஆகிவிட்டால் தாமதமாக வருபவன் முதலாளியை ஏமாற்றவில்லை, பக்கத்து இருக்கைக்காரனை ஏமாற்றுகிறான். பணம் உறைக்காது. இருபத்தைந்து பேர் உட்கார்ந்து காத்திருக்கும் அறைக்குள் கதவைத் திறந்துகொண்டு நுழைவது உறைக்கும். அபராதம் நட்சத்திரத்துக்கும் நேற்று வந்த பையனுக்கும் ஒன்றாக விழுகிறதா என்பது அடுத்த கேள்வி.

5. பெரிய நட்சத்திரம் வந்துவிட்டால் அவர் வைத்ததுதானே சட்டம்?

சில இடங்களில் ஆம், அது நல்லதாகவும் முடியலாம். எரிக் கன்டோனா 1992 நவம்பரில் லீட்ஸிலிருந்து யுனைடெட்டுக்கு வந்தார். சண்டைக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பந்துகளை எடுத்துக்கொண்டு தனியாகப் பயிற்சியைத் தொடர்வார். அதைப் பார்த்து இளைஞர்கள் ஒவ்வொருவராக நிற்கத் தொடங்கினார்கள். பெக்காம், கிக்ஸ், ஸ்கோல்ஸ் தலைமுறைக்கு அவர் உபதேசம் எதுவும் செய்ததில்லை. ஃபெர்குசன் கன்டோனாவுக்கு மட்டும் சில சலுகைகள் கொடுத்தார் என்பது ஊரறிந்தது. மற்றவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தக் கூடுதல் உழைப்பை அவர்கள் தினமும் கண்ணால் பார்த்ததுதான்.

ரொனால்டினோவின் கடைசிப் பருவம் இதற்கு நேர் எதிர். உலகமே கொண்டாடிய ஆட்டக்காரர் பயிற்சியைத் தளர்த்தத் தளர்த்த, கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. அவர் பக்கத்திலேயே வளர்ந்துகொண்டிருந்தவர் இருபது வயது மெஸ்ஸி. கார்டியோலா அவசரப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

6. நட்சத்திரத்துக்கும் பயிற்சியாளருக்கும் முட்டினால் யார் ஜெயிப்பார்?

கிளப்பின் முதலாளி யார் பக்கம் நிற்கிறாரோ அவர். யுனைடெட்டில் இருபத்தாறு ஆண்டுகளும் அது ஃபெர்குசனாகவே இருந்தது. 2003 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தேசியக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் ஆர்சனலிடம் 2-0 என்று தோற்ற பிறகு, அறையில் பெக்காமுடன் வாக்குவாதம். ஃபெர்குசன் ஆத்திரத்தில் தரையில் கிடந்த ஒரு பூட்ஸை உதைத்தார், அது பறந்து பெக்காமின் புருவத்துக்கு மேல் பட்டுக் கிழித்தது. தலைமுடி முன்னால் விழாதபடி வளையம் போட்டு, ஒட்டுப்போட்ட காயம் நன்றாகத் தெரிய பெக்காம் வெளியே வந்தார். மறுநாள் பத்திரிகைகளுக்கு வேறு படம் தேவைப்படவில்லை. அந்தக் கோடையில் அவர் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார்.

ராய் கீனுக்கும் விதிவிலக்கு கிடைக்கவில்லை. 2005-இல் கிளப்பின் சொந்தத் தொலைக்காட்சிக்குக் கொடுத்த பேட்டியில் சக வீரர்களைப் பெயர் சொல்லிச் சாடினார். பேட்டி ஒளிபரப்பாகவே இல்லை, நவம்பரில் கீன் வெளியேறினார். எட்டு ஆண்டுகளாக அறைக்குள் இதே வார்த்தைகளைச் சொன்னபோது அவர் நல்ல கேப்டன். கேமரா முன்னால் சொன்ன நாளில் எல்லையைத் தாண்டியவர் ஆனார். ஃபெர்குசனின் அறையில் எழுதப்படாத முதல் விதி எது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

7. எல்லோரும் நண்பர்களாக இருந்தால்தானே ஜெயிக்க முடியும்?

இல்லை. ஆண்டி கோலும் டெடி ஷெரிங்ஹாமும் யுனைடெட்டின் முன்கள வீரர்கள். இருவரும் பல ஆண்டுகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதே இல்லை. 1995-இல் இங்கிலாந்துக்காக ஆண்டி கோல் முதன்முதலாக மாற்று வீரராகக் களமிறங்கியபோது, வெளியே வந்த ஷெரிங்ஹாம் கை கொடுக்கவில்லை என்பது ஆண்டி கோலின் மனத்தாங்கல். 1999-இல் அதே இருவரும் இருந்த அணி ஒரே பருவத்தில் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது.

நட்பு கிடைத்தால் நல்லது. கட்டாயம் வேண்டியது, பிடிக்காதவனுக்கும் பந்தைக் கொடுப்பான் என்ற நம்பிக்கை. இதைச் சொன்னால் நண்பர்கள் ஏமாந்துபோகிறார்கள். அவர்களுக்கு அணி ஒரு குடும்பமாக இருக்க வேண்டும் என்று ஆசை. அண்ணன் தம்பி பேசாத குடும்பங்களைப் பார்த்ததில்லை போலும்.

8. பத்துப் பதினைந்து நாட்டுக்காரர்கள் இருக்கும் அறையில் தனித்தனிக் குழுவாகப் பிரிந்துவிட மாட்டார்களா?

பிரிவார்கள். மொழி தெரிந்தவன் பக்கத்தில்தான் சாப்பாட்டுத் தட்டோடு உட்காரத் தோன்றும், அதில் தவறில்லை. எல்லோரும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும், சாப்பாட்டு மேசையில் போன் கூடாது என்றெல்லாம் பயிற்சியாளர்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

குழுவுக்குப் பின்னால் நியாயமான குறை ஒன்று இருந்துவிட்டால் மேசையை மாற்றிப் போட்டுப் பயனில்லை. 1996 யூரோ கோப்பைக்கு வந்த நெதர்லாந்து அணியில் முந்தைய ஆண்டு ஐரோப்பாவையே வென்ற ஆயாக்ஸ் வீரர்கள் நிறைந்திருந்தார்கள். சுரினாம் வம்சாவளியைச் சேர்ந்த கறுப்பின வீரர்களுக்கு, கிளப்பில் தங்களுக்கு வெள்ளையர்களைவிடக் குறைவான சம்பளம் என்ற மனக்குறை. பயிற்சியாளர் குஸ் ஹிட்டிங்கைப் பகிரங்கமாகக் குத்திப் பேசிய எட்கர் டாவிட்ஸ் போட்டியின் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கறுப்பின வீரர்கள் தனி மேசையில் உட்கார்ந்திருக்கும் மதிய உணவுப் படம் ஒன்று உலகமெல்லாம் சுற்றியது. இங்கிலாந்திடம் 4-1, பிறகு காலிறுதியில் பிரான்ஸிடம் பெனால்டியில் தோல்வி. குறை கிளப்பின் சம்பளப் பதிவேட்டில் இருந்தது, வெடித்தது தேசிய அணியின் சாப்பாட்டு மேசையில்.

9. புதிதாக வருபவரைக் கேலி செய்வது, கொஞ்சம் ராகிங், இதெல்லாம் ஒற்றுமையை வளர்க்கும் என்கிறார்களே?

நாற்காலி மேல் ஏற்றிப் பாட்டுப் பாட வைப்பது இங்கிலாந்தில் இன்றும் வழக்கம். இருபது வயதுப் பையனும் ஐம்பது மில்லியன் பவுண்டுக்கு வாங்கிய ஆளும் ஒரே நாற்காலியில் ஏறி ஒரே மாதிரி அசடு வழிகிறார்கள் என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். 1988-இல் லிவர்பூலை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்ற விம்பிள்டன் அணி இதை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியது. உடைகளை வெட்டுவது, கொளுத்துவது எல்லாம் அங்கே சாதாரணம். சிலர் இன்றும் சிரித்துக்கொண்டே அதைச் சொல்கிறார்கள். சிரிக்க முடியாமல் போனவர்களின் கதை அவ்வளவாக வெளியே வராது.

இது எங்கே முடியும் என்பதற்குத் தெளிவான ஆவணம் அமெரிக்கக் கால்பந்தில்தான் இருக்கிறது. அது வேறு விளையாட்டுதான், ஆனால் அறை ஒன்றுதான். மயாமி டால்பின்ஸ் அணியின் ஜொனதன் மார்ட்டின் 2013 அக்டோபரில் சக வீரர்களின் தொல்லை தாங்காமல் அணியை விட்டு வெளியேறினார். வழக்கறிஞர் டெட் வெல்ஸ் விசாரித்து 2014 பிப்ரவரியில் 144 பக்க அறிக்கை கொடுத்தார். தொல்லையின் மையம் ரிச்சி இன்காக்னிட்டோ. அவர் அந்த அணியின் வீரர் தலைமைக் குழுவில் ஓர் உறுப்பினர்! வீரர்கள் தங்களுக்குள் வைத்திருந்த அபராத நோட்டும் சிக்கியது. மார்ட்டினை உடைத்ததற்காகத் தனக்குத் தானே 200 டாலர் என்று இன்காக்னிட்டோ அதில் குறித்திருந்தார். மார்ட்டின் ஆடிய பிரிவின் பயிற்சியாளருக்கும் வேலை போனது, தடுக்காததற்காக மட்டும் அல்ல, சேர்ந்து சிரித்ததற்காகவும்.

4-ஆம் கேள்வியில் வீரர்களே விதியை ஏற்பது நல்லது என்றேன். அதற்கு இதுதான் மறுபக்கம். வீரர்கள் கையில் அறையைக் கொடுத்துவிட்டுப் பயிற்சியாளர் கதவைச் சாத்திக்கொண்டால், உரக்கப் பேசுபவன் தலைவன் ஆகிவிடுவான்.

10. அடிதடியே நடந்தால் என்ன செய்வார்கள்?

நடக்கிறது. 2023 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டியிடம் 3-0 தோற்ற இரவில் பேயர்ன் மூனிக்கின் சாடியோ மானே, சக வீரர் லெராய் சானேயை அறைக்குள் முகத்தில் அடித்தார். கிளப் அபராதம் விதித்து அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்தது. அந்தக் கோடையில் மானே சவூதிக்கு விற்கப்பட்டார். விஷயம் சில மணி நேரத்தில் பத்திரிகைகளுக்குப் போனதுதான் எனக்கு இன்னும் மோசமான அறிகுறியாகப் பட்டது.

11. உலகக் கோப்பையில் பிரான்ஸ் அணி பஸ்ஸை விட்டு இறங்க மறுத்ததே, அதற்கு யார் காரணம்?

எல்லோரும். 2010, தென்னாப்பிரிக்கா. மெக்சிகோ ஆட்டத்தின் இடைவேளையில் நிக்கோலா அனெல்காவுக்கும் பயிற்சியாளர் ரேமோன் டொமெனெக்குக்கும் வாக்குவாதம். அனெல்கா பேசிய வசவு என்று ஒரு வாசகம் இரண்டே நாளில் ஒரு விளையாட்டு நாளிதழின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்தது. பிரான்ஸ் கால்பந்துக் கூட்டமைப்பு அனெல்காவை ஊருக்கு அனுப்பியது. கேப்டன் பாட்ரிஸ் எவ்ராவோ, பிரச்சினை அனெல்கா இல்லை, நம்மிடையே இருக்கும் துரோகி என்றார்.

ஜூன் 20 அன்று நைஸ்னாவில் பொதுமக்கள் பார்க்கத் திறந்த பயிற்சி. வந்தவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு உடற்பயிற்சியாளர் ராபர்ட் டுவெர்னுக்கும் எவ்ராவுக்கும் கைகலப்பாகிவிடும் அளவுக்குச் சண்டை, டொமெனெக் இடையில் நின்று விலக்கினார். வீரர்கள் பஸ்ஸுக்குள் ஏறித் திரையை இழுத்து மூடிக்கொண்டார்கள். அதன் பிறகு நடந்ததுதான் நம்ப முடியாதது: தன்னை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யும் வீரர்கள் எழுதிய அறிக்கையை டொமெனெக்கே நிருபர்கள் முன் வாசித்தார். பிரிவில் கடைசி இடம், ஒரே ஒரு புள்ளி. அனெல்காவுக்கு 18 ஆட்டத் தடை, எவ்ராவுக்கு 5.

வீரர்கள் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள், கவனித்தீர்களா? இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒருவர்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றுமையை மட்டும் வைத்துக் கலாசாரத்தை மதிப்பிடுபவர்களுக்கு நான் இந்தப் பஸ்ஸைத்தான் காட்டுவேன்.

12. வீரர்கள் வேண்டுமென்றே மோசமாக ஆடிப் பயிற்சியாளரைக் கவிழ்ப்பது உண்டா?

வேண்டுமென்றே தோற்பார்கள் என்று நான் நம்பவில்லை. முழு மனத்தோடு ஓடாமல் இருப்பதற்குத் திட்டம் எதுவும் தேவையில்லை. செல்சியைப் பாருங்கள். 2011 கோடையில் வந்த ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸுக்கு வயது 33, லாம்பார்டுக்கும் 33. டெர்ரி, லாம்பார்ட், ட்ரோக்பா, செக் ஆகியோர் அதற்குள் பல பயிற்சியாளர்களை வழியனுப்பி வைத்தவர்கள். அணியை இளமையாக்க முயன்ற வில்லாஸ்-போவாஸ் 2012 மார்ச் முதல் வாரத்திலேயே நீக்கப்பட்டார். உதவியாளர் டி மத்தேயோ மூத்தவர்களைத் திரும்ப நம்பினார். மே 19 அன்று மூனிக்கில், பேயர்னின் சொந்த மைதானத்தில், செல்சி சாம்பியன்ஸ் லீக் வென்றது. மூத்தவர்கள் கெட்டவர்களா? அவர்கள் இல்லாமல் அந்தக் கோப்பை இல்லை. அவர்கள் இருந்ததால் எந்தப் பயிற்சியாளரும் நிலைக்கவில்லை. இரண்டும் உண்மை.

அதே செல்சியில், 2015-இல் லீக் பட்டம் வென்று ஏழே மாதத்தில், அணி 16-ஆம் இடத்தில் இருக்கும்போது, பயிற்சியாளர் மொரின்யோ போனார். பயிற்சியாளருக்கும் வீரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை என்று கிளப் நிர்வாகியே பகிரங்கமாகச் சொன்னார். நீக்கப்படப் போவது பயிற்சியாளர்தான் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்ட அறையில் யார் பேச்சை யார் கேட்பார்கள்?

13. அப்படியென்றால் உண்மையான கை முதலாளியுடையதா?

முதலாளி அறைக்குள் வருவதில்லை, வரவும் கூடாது. ஆனால் பயிற்சியாளருக்கு எவ்வளவு காலம் கிடைக்கும் என்பது அவர் கையில். ஃபெர்குசன் யுனைடெட்டில் முதல் கோப்பையை வென்றது 1990-இல், முதல் லீக் பட்டம் 1993-இல். அவ்வளவு பொறுமை இன்று எந்த நிர்வாகத்திடமும் கிடையாது. மெக்ராத்தையும் வைட்சைடையும் விற்கும் துணிச்சல் ஃபெர்குசனுடையது, விற்றுவிட்டுப் பதவியில் நீடிக்க முடிந்ததற்கு நிர்வாகம் காரணம்.

14. புதுப் பயிற்சியாளர் வந்து எவ்வளவு நாளில் எல்லாவற்றையும் மாற்றலாம்?

முதலில், எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்று பார்க்க வேண்டும். 1974-இல் லீட்ஸுக்கு வந்த பிரையன் கிளஃப், முந்தைய பயிற்சியாளர் டான் ரெவியின் கீழ் பல கோப்பைகள் வென்ற வீரர்களிடம், உங்கள் பதக்கங்களைக் குப்பையில் போடுங்கள், நேர்மையாக வென்றவை அல்ல என்றார். 44 நாளில் வேலை போனது. அதே கிளஃப் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை 1979, 1980 என்று அடுத்தடுத்து ஐரோப்பிய சாம்பியன் ஆக்கினார். ஆள் ஒருவர்தான், அறை வேறு. டேவிட் மோயஸ் 2013-இல் ஃபெர்குசனின் நாற்காலிக்கு வந்ததும் அவருடைய உதவிப் பயிற்சியாளர்களை மாற்றிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். ஆறு ஆண்டு ஒப்பந்தம் பத்து மாதம்கூட ஓடவில்லை.

ரனியேரி செய்தது மறுதலை. 2015-இல் லெஸ்டருக்கு வந்தபோது, முந்தைய பருவத்தின் பெரும்பகுதியைக் கடைசி இடத்தில் கழித்துவிட்டு நைஜல் பியர்சனின் கீழ் கடைசி வாரங்களில் தப்பிப் பிழைத்த அணி அது. பியர்சனின் உதவியாளர்களை அப்படியே வைத்துக்கொண்டார். கோல் வாங்காமல் ஓர் ஆட்டம் முடித்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்றார். அக்டோபரில் கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று வென்றதும் கடைக்கு அழைத்துப்போய், மாவைக் கையில் கொடுத்து, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்றார். அடுத்த மே மாதம் லெஸ்டர் சாம்பியன். அதற்கடுத்த பிப்ரவரியில் அவரையும் நீக்கினார்கள் என்பதைப் பீட்சா கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

வெங்கர் ஆர்சனலுக்கு வந்த 1996-இல் இன்னொரு விஷயம் கைகொடுத்தது. அவர் பொறுப்பேற்பதற்குச் சற்று முன் கேப்டன் டோனி ஆடம்ஸ், தான் குடிநோயாளி என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். புதிய பயிற்சியாளர் சாக்லேட்டை நிறுத்தி வேகவைத்த மீனும் காய்கறியும் வைத்தபோது, அறையில் அதிகம் மதிக்கப்பட்டவர் எதிர்க்கவில்லை. 1998-இல் லீக், கோப்பை இரண்டும் வந்தன. அந்த மாற்றத்தில் பாதிப் பங்கை நான் ஆடம்ஸுக்குக் கொடுப்பேன்.

15. உடை துவைப்பவர், பூட்ஸ் எடுத்து வைப்பவர், இவர்களுக்கெல்லாம் இதில் பங்கு உண்டா?

நினைப்பதைவிட அதிகம். பயிற்சியாளர்கள் வருவார்கள், போவார்கள். கிட் பொறுப்பாளரும் மசாஜ் செய்பவரும் வரவேற்பறையில் இருப்பவரும் இருபது முப்பது ஆண்டுகள் இருப்பார்கள். மேசையில் படுத்துக்கொண்டு கால் பிடித்துவிடச் சொல்லும்போதுதான் வீரன் மனம் விட்டுப் பேசுவான். லிவர்பூலுக்குப் பயிற்சியாளராக வந்த யர்கன் கிளாப், பயிற்சி மையத்தில் வேலை செய்யும் அத்தனை பேரையும் வரவழைத்து வீரர்கள் முன் நிறுத்தி, இவர்கள் பெயரெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

16. நம் சென்னையின் எஃப்.சி. போன்ற ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணிகளுக்கு இதெல்லாம் பொருந்துமா?

தொடக்க ஆண்டுகளில் கடினம். 2014-இல் முதல் பருவம் அக்டோபர் 12-இல் தொடங்கி டிசம்பர் 20-இல் முடிந்துவிட்டது. வெளிநாட்டு வீரர்கள் குறுகிய ஒப்பந்தத்தில் வந்து போனார்கள். கலாசாரம் ஊற அவகாசமே இல்லை. அதனால் கன்டோனா போல ஒருவர் தன் நடத்தையால் இழுத்துப் போவதே வழியாக இருந்தது. 2015-இல் பயிற்சியாளர் மார்கோ மட்டராஸி சென்னையை அப்படித்தான் நடத்தினார் என்று தோன்றுகிறது. வெள்ளத்தால் சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி, இறுதியில் கோவாவை 3-2 என்று வென்ற அணி அது.

17. நாம் வீட்டில் டி.வி.யில் பார்ப்பவர்கள். ஓர் அணியின் அறை எப்படியிருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

முழுதாகத் தெரியாது. சமூக ஊடகத்தில் அணி போடும் சிரிக்கும் படங்களை ஒதுக்கிவிடுங்கள், அவை விளம்பரம். கோல் வாங்கிய பிறகு வரும் பத்து விநாடியைப் பாருங்கள். தவறு செய்த தடுப்பாட்டக்காரரிடம் யாராவது போகிறார்களா, எல்லோரும் கையை விரித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்புகிறார்களா? மாற்றப்பட்டு வெளியே வருபவர் உள்ளே போகிறவரிடம் கை கொடுக்கிறாரா? 7-இல் சொன்ன ஆண்டி கோல், ஷெரிங்ஹாம் கதை அங்கேதான் தொடங்கியது. தோல்விக்குப் பின் பேட்டிக்கு வருபவர் எப்போதும் அதே மூத்த வீரரா, அல்லது ஒவ்வொரு வாரமும் ஓர் இளைஞனைத் தள்ளிவிடுகிறார்களா என்றும் பாருங்கள்.

கோப்பை கொடுக்கும் மேடையையும் கவனிக்கலாம். 2011 மார்ச்சில் பார்சிலோனாவின் எரிக் அபிதாலுக்குக் கல்லீரலில் கட்டி எடுத்தார்கள். மே 28 அன்று வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் முழுவதும் ஆடினார். யுனைடெட்டை 3-1 என்று வென்றதும் கேப்டன் புயோல் பட்டையைக் கழற்றி அவர் கையில் கட்டி, முதலில் நீ தூக்கு என்று முன்னால் அனுப்பினார்.